சங்கு ஊதும்போது வைத்த இறால்கறி

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது எட்டு, வளர்த்து ஆளாக்கியது ஆறு. ஆறு பேருக்கும் கலியாணமாகி, அவரவர்க்கு அவரவர் குசினி, அவரவர் அடுப்பு என்று ஆன பிறகும் என் மூக்குக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. நான் இருக்கும் இந்த மகன் வீட்டில் எந்தச் சட்டியைத் திறந்தாலும் நேரே கொண்டுவந்து என் மூக்குக்குக் கீழே நீட்டுகிறார்கள்.

"மாமி, நேற்றையான் குழம்பு. இருக்குமோ, ஊத்தட்டோ?"

"அப்பம்மா, இந்தப் பாலைக் கொஞ்சம் மணந்து பாருங்கோவன்."

சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்தாலும் விடமாட்டார்கள். சட்டியின் மணத்தில்தான் விழிப்பேன். அலுத்துவிட்டது. மூக்கும் முன்போல இல்லை. அதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. தெரிந்ததை எழுதிக் கொடுத்துவிட்டால் இனி அதைப் பார்த்து நடந்துகொள்ளட்டும் என்றுதான் கடதாசியும் பென்சிலும் எடுத்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கோணும். சொல்லில் கோணல் இராது.

சமைப்பதுதான் பெரிய வேலை என்று ஆண்கள் நினைக்கிறார்கள். சமையல் ஒரு நேரத்தில் முடிந்துவிடும். சமைத்ததைக் காப்பதற்குத்தான் முடிவே இல்லை. ஈ ஒரு பக்கம், எறும்பு ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம். எல்லாவற்றையும் விடப் பொல்லாதது வெயில். எங்கள் பழைய வீடு உள்துறைமுகத்துக்குக் கிட்ட, ஓர் ஒழுங்கையில், ஒடுங்கின சந்தில், இருந்தது. கடற்காற்று வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். மாரியில் சிரட்டைக்குள் இருக்கும் உப்பே அழுதுகொண்டிருக்கும். உப்புக்கே அந்தக் கதி என்றால் மற்றதுகளைச் சொல்ல வேண்டுமா?

புளி விட்ட மீன்குழம்பு என்றால் பெரிய கவலையில்லை. தேங்காய்ப்பால் விடாமல், மண்சட்டியில், புளியும் உறைப்பும் தூக்கலாக வைத்து, காலையிலும் பின்னேரத்திலும் தளதளவென்று கொதிக்க விட்டு இறக்கினால் மற்ற நாளும் நிற்கும், ருசியும் கூடும். ஆனால் கொதிக்க வேண்டும். சூடு காட்டுகிறேன் என்று சட்டிக்கு அடுப்பைக் காட்டிவிட்டு இறக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். கை பொறுக்கும் சூட்டில் கறியை வைப்பது அதைக் கெடுக்கிற வேலை. ஈர அகப்பை போடக் கூடாது. பழையதோடு புதியதைக் கலக்கக் கூடாது. கலந்தால் புதியதும் பழையதாகிவிடும், பழையது ஒருநாளும் புதியதாகாது. வறுத்த அரிசிமாவை நன்றாக ஆறவிட்டுத் தகரத்தில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கருவாட்டைக் கச்சான் காற்றடிக்கிற கோடை வெயிலில் காயவிட்டுப் பானையில் போட்டாலும், மாரியில் மழை விட்ட நாளெல்லாம் எடுத்து வெளியே பரப்ப வேண்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல். நான் பெற்ற பிள்ளைகளை விடக் கருவாட்டைத்தான் கூடத் தரம் வெயிலுக்கும் வீட்டுக்குமாகத் தூக்கியிருப்பேன்.

கிண்ணியாவிலிருந்து தயிர் கொண்டு வருகிற முஸ்லிம் வியாபாரி, நாங்கள் காக்கா என்போம், தயிர்முட்டியை இறக்கி வைக்கும்போதே கேட்பேன்.

"எப்ப உறைஞ்சது?"

"நேற்றுப் பின்னேரம் புரை போட்டது அக்கா."

"முந்தநாள் பின்னேரமோ?"

"உங்கட மூக்குக்குப் பொய் சொல்ல ஏலுமே? அந்த முட்டியை விடுங்கோ, இதை எடுங்கோ" என்று கூடைக்குள்ளே இருக்கிற மற்ற முட்டியை எடுத்துத் தருவார்.

இப்படி மூக்கை வைத்துப் பெயரெடுத்தவள்தான். ஆனால் மூக்கை முழுக்க நம்பியவள் இல்லை. உலக யுத்தம் முடிகிற காலத்தில் என் மூன்றாவது பிள்ளை வயிற்றோட்டத்தில் போனாள். முற்றத்தில் ஓடித் திரிந்தவள், மறுநாள் கையில் நனைந்த துணி மாதிரிக் கிடந்தாள். பாலோ, கிணற்றுத் தண்ணீரோ, யாராவது ஆசைக்குக் கொடுத்த ஒரு துண்டுப் பண்டமோ, இன்று வரை தெரியாது. அன்று என் வீட்டில் இருந்த ஒன்றும் மணக்கவில்லை. கெட்டதெல்லாம் மணந்து காட்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. அன்றிலிருந்து நான் முதலில் நேரத்தைப் பார்ப்பேன். எப்போது அடுப்பால் இறக்கியது, எந்த மூலையில் இருந்தது, காற்றுப் பட்டதா, வெக்கை பட்டதா? மணம் கடைசி.

தேங்காய்ப்பால் விட்ட கறிக்கும் இறாலுக்கும் இது இன்னும் கூடப் பொருந்தும். பால்கறி அந்த நேரத்துச் சாமான். இறால், கடலை விட்டு வந்த நேரம் தொடக்கம் கெட்டுப்போக வழி பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரு சட்டியில் சேர்ந்தால், சட்டி இறங்கியதும் சோற்றுக் கோப்பை போட்டுச் சாப்பிட்டுவிட வேண்டும். இதை எழுதினால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதை எழுதும்போது என் மாமாவின் எட்டு, அவர் செத்த எட்டாம் நாள் படையல், நினைவில் வந்து நிற்கிறது. அதைச் சொல்லாமல் இது விளங்காது.

சுதந்திரம் கிடைத்துச் சில வருசம். வெள்ளைக்காரரின் கப்பல்கள் துறைமுகத்தில் நின்ற காலம். மாமா என்றால் இவருடைய, என் புருசனுடைய, தகப்பன்; டொக்யாட்டில், அந்தக் கப்பல் பட்டறையில், கப்பலுக்கு வர்ணம் பூசி இளைப்பாறியவர். இவருக்கும் அங்கேதான் வேலை. டொக்யாட்டுச் சங்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒரு தரம் ஊதும். பின்னேரம் வேலை விட ஒரு தரம் ஊதும். மாமா வேலையை விட்ட பிறகும் சங்கு அவரை விடவில்லை. அது ஊதுமுன் சோறு போட்டால் தொடமாட்டார். ஊதிய பிறகு கொஞ்சம் பிந்தினாலும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். அந்தப் பேசாமல் இருப்பதற்குப் பயந்தே நான் ஓடி ஓடிச் சமைத்தேன்.

அவருக்கு உயிர் என் கடைசி மகன். அப்போது அவனுக்கு ஆறு வயது. தன் கோப்பையில் முதல் பிடியை உருட்டி அவன் வாயில் வைக்காமல் மாமா தான் தின்றதில்லை. மாமா சாவதற்குக் கொஞ்சம் முன்னர்தான் அந்தப் பிள்ளைக்கு நெருப்புக் காய்ச்சல், தைபோயிட்டு, வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தான். தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியிருந்தது. டொக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"காய்ச்சல் விட்டதெண்டு நினையாதேயுங்கோ அம்மா. குடல் இப்ப நனைஞ்ச கடதாசி மாதிரி. பழையது, பழுதானது ஒரு வாய் போனாலும் பிறகு என்னட்டக் கொண்டு வந்து பிரயோசனமில்லை."

நெருப்புக் காய்ச்சல் விட்ட பிள்ளைக்குப் பசி பேய்ப் பசி. கஞ்சியும் கடைப் பாணின் மெத்தென்ற நடுப்பகுதியும் தவிர வேறொன்றும் கொடுக்காமல், அவன் குசினி வாசலில் இருந்து அழ அழ நான் சமைத்தேன். அந்த நாட்களில்தான் மாமா போனார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்த எட்டாம் நாள் அவருக்குப் பிடித்த மீன், இறைச்சியெல்லாம் சமைத்து விளக்குக்கு முன்னால் படைப்போம். பொழுதுபட வைத்து, கும்பிட்டு, உடனே எடுத்து எல்லாருமாகச் சாப்பிடுவதுதான் வழக்கம். இவருடைய அக்கா, என் மச்சாள், உப்புவெளியில் இருந்தவர். விடியவே பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஓலைப்பெட்டி நிறைய இறால்.

"தோணி கரைக்கு வரேக்கையே நிண்டு வாங்கினனான். துடிச்சுக்கொண்டு கிடந்தது. ஐயாவுக்குப் பால்கறி வைப்பம். மத்தியானச் சங்கு ஊதேக்க படைக்க வேணும்."

"சங்குக்கோ? மச்சாள், ஆம்பிளையள் எல்லாரும் வேலை விட்டு வரப் பொழுதுபட்டிடும். பொழுதுபட வைப்பம். வைச்ச உடன எடுக்கலாம்."

"நீ இவ்வளவு காலமும் சோறு போட்டனீ. ஐயாவுக்குப் பசிக்கிறது சங்கோட எண்டு உனக்குத் தெரியாதோ? களைச்சு வாற மனுசனைப் பொழுதுபடும் மட்டும் வாசல்ல நிப்பாட்டி வைக்கவோ சொல்லுறாய்?"

மச்சாளுக்குத் தாய் சிறு வயதிலேயே போய்விட்டார். தலை இழுத்துப் பின்னிவிட்டதும் தகப்பன்தான். அந்த மனுசி தகப்பனைப் பசியோடு நிறுத்தமாட்டார்.

"அப்ப இறாலைப் பொரிப்பம். பால் விட வேண்டாம். கச்சான் வெக்கை, நிக்காது."

"பொரிச்ச இறாலை ஐயா எப்படித் தின்னுவார்? பல்லில்லாத மனுசன்."

"பல்லில்லாமல்தானே போன மாசமும் நண்டுக்கால் உடைச்சவர்."

மச்சாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடேயே அழுகையும் வந்துவிட்டது. அழுகிற ஆளோடு நான் வாதாடுவதில்லை. அவரே குந்தியிருந்து தேங்காய் துருவி, முதற்பால் தடிப்பாக விட்டு, பச்சை மிளகாய் கீறிப் போட்டு, கடைசியில் தேசிக்காய்ப் புளி பிழிந்து இறக்கினார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள், அப்படி ஒரு வாசம். சமையலில் மச்சாளின் கை என் கையை விடத் திறம் என்று ஆட்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதை நான் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மத்தியானச் சங்கு ஊதியது. மாமாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறு, பொரித்த மீன், பூசணிக்காய், நடுவில் இறால் சட்டி வைத்தோம். கச்சான் காற்று விளக்கை அணைத்துவிடும் என்று மச்சாள் கதவையும் யன்னலையும் இறுக்கிச் சாத்தினார். எட்டுக்கு வைத்த விளக்கு அணையக் கூடாது. படைத்ததை ஆண்கள் வந்து கும்பிடும் வரை எடுக்கக் கூடாது. படைத்த பிறகு திரும்ப அடுப்பில் ஏற்றவும் கூடாது; போனவர் தொட்டது, அதற்கு மேல் நெருப்புக் காட்டுவது அவருக்கே நெருப்புக் காட்டுவது மாதிரி என்பார்கள். மணந்து பார்ப்பதும் கூடாது. இவை எல்லாம் எனக்கும் தெரிந்த, நானும் நடந்த முறைகள்தான். ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக அவை அன்று அந்தச் சட்டியின் மேலே வந்து குந்திக்கொண்டன.

நான் குசினியில் இருந்துகொண்டு அந்தச் சாத்திய கதவையே பார்த்தேன். ஓட்டுக் கூரை, அடைத்த அறை, எரிகிற விளக்கு. பிள்ளையைச் சுடுகிற அறைக்குள் விட்டுப் பூட்டியது மாதிரி எனக்கு அந்தரம், இருப்புக்கொள்ளவில்லை. திரி தூண்டவென்று ஒருதரம் உள்ளே போனேன். முகத்தில் வெக்கை அடித்தது. மணந்து பார்க்கவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டுதான் குனிந்தேன். கண்ணை அடக்க முடியாதே. பால் பிரிந்து, சட்டியின் விளிம்பில் சின்னச் சின்னதாக நுரை கட்டியிருந்தது.

பின்னேரச் சங்கு ஊதி, இவரும் உறவுக்கார ஆண்களும் வந்து, கிணற்றடியில் முழுகி, எல்லாரும் கும்பிட்டார்கள். மச்சாள் முன்னால் இருந்து சோற்றைப் பிசைந்தார். இரண்டு பெரிய இறாலை நடுவில் வைத்து ஒரு பிடி உருட்டினார்.

"வா ராசா. அப்பப்பா தாற பிடி. நீ வாயில வைச்சாத்தான் மற்றாக்கள் தொடலாம்."

அவன் ஓடி வந்தான். கஞ்சியைத் தவிர வேறொன்றும் காணாத பிள்ளை, வாயைத் திறந்துகொண்டே ஓடி வந்தான். நான் மச்சாளின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"மச்சாள், அவனுக்கு வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"இறால் பழுதாப் போச்சு."

மச்சாள் உருட்டிய பிடியோடு என் பக்கம் திரும்பினார்.

"என்ர ஐயாவின்ர சோத்தையோ பழுது எண்டுறாய்? படைச்சதை மணந்தோ பாத்தனீ?"

"மணக்கேல்லை. கண்ணால கண்டனான். பால் பிரிஞ்சு நுரைச்சிருக்கு."

"இருக்கேக்கையும் அந்த மனுசன் தின்னுறது உனக்குப் பொறுக்கேல்லை. செத்த பிறகுமோடி?"

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. கடைசி மாதங்களில் மாமாவின் படுக்கைத் துணி தோய்த்த கை என் கை. அதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லிக் காட்டினால் தோய்த்ததற்கு மதிப்பில்லை.

இவருடைய சித்தப்பா ஒருவர் சுவரோடு சாய்ந்திருந்து சொன்னார், "ஒரு வாய்தானே பிள்ளை. ஒரு வாய் என்ன செய்யும்?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் நிலத்தைப் பார்த்தார். பிள்ளை என் சீலையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, எனக்கு வேணும். எனக்கு இறால் வேணும் அம்மா."

டொக்டரும் இல்லை, கடவுளும் இல்லை, பக்கத்தில் நின்று ஒரு சொல்லுச் சொல்ல ஒருவரும் இல்லை. நனைந்த கடதாசி மாதிரிக் குடலோடு அந்தப் பிள்ளை. அந்தப் பிடி அவனுக்குள் போனால் நான் இன்னொரு முறை நனைந்த துணி மாதிரி ஒரு பிள்ளையைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். போகாவிட்டால் இவருக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவள் இந்த வாசலை மிதிக்கமாட்டாள். எனக்கு அந்த நேரம் கோபம்கூட வரவில்லை. களைப்புத்தான் வந்தது.

"மாமா தாற பிடியை இந்த வீட்டில ஒராள் வாங்க வேணும். அவ்வளவுதானே மச்சாள்? அவன்ர பங்கை நான் வாங்குறன். அவனைப் பெத்தவள் நான்தானே."

பிடித்த மணிக்கட்டை விடாமல் என் வாய்க்கு இழுத்தேன். பிடி வாய்க்குள் போனதும் நாக்கு நுனியில் ஒரு கூச்சம், பின்னால் புளிப்பு. தெரிந்துகொண்டே மென்றேன். எல்லாரும் பார்க்க, ஒன்றும் சிந்தாமல் விழுங்கினேன்.

மச்சாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானும் ஒரு பிடி உருட்டினார்.

"என்ர ஐயாவின்ர சோறு என்னை ஒண்டும் செய்யாது" என்று வாயில் போட்டார். இன்னொன்றும் போட்டார். என்னை விடக் கூடத் தின்ன வேண்டும் என்ற எண்ணமோ, தகப்பன் மேல் இருந்த பாசமோ, அது அவருக்குத்தான் தெரியும்.

சித்தப்பா இலைக்குக் கை நீட்டினார். அதுவரை பேசாமல் இருந்த இவர் எழும்பி இறால் சட்டியைத் தூக்கினார்.

"ரெண்டு பேர் வாங்கியாச்சு. அது போதும். மிச்சம் ஐயாவின்ர" என்று சொல்லி, பின்பக்கம் கொண்டுபோய் முருங்கையடியில் கிடங்கு கிண்டி மண்போட்டுத் தாட்டுவிட்டு வந்தார்.

"தம்பி!" என்று மச்சாள் கூப்பிட்டார். இவர் திரும்பவில்லை. வந்திருந்தவர்கள் பொரித்த மீனோடும் பூசணிக்காயோடும் சாப்பிட்டுப் போனார்கள். பிள்ளைக்கு நான் கஞ்சி பருக்கினேன். அவன் என்னைப் பார்க்காமல் குடித்தான்.

விடியப்புறம் முதலில் எனக்குச் சத்தி, வாந்தி. கிணற்றடிக்குப் போனால், அங்கே மச்சாள் வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். வயிற்றாலும் போகத் தொடங்கியது. வெளிச்சம் வந்தபோது நடைக்குள் இரண்டு பாயில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தோம். இவர் வேலைக்குப் போகாமல் நின்று கொத்தமல்லி அவித்தார். உப்புப் போட்டுக் கஞ்சித்தண்ணி கரைத்து இரண்டு பேருக்கும் ஒரே கிண்ணத்தால் மாறி மாறிப் பருக்கினார். அந்த மனுசன் கஞ்சித்தண்ணிக்கு உப்புப் போட்டது கடலை அள்ளி வந்தது மாதிரி இருந்தது. இரண்டு பேரும் அதற்கு மட்டும் ஒன்றாக முகம் சுழித்தோம்.

இவர் தண்ணீர் அள்ளப் போன நேரம் மச்சாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பழுது எண்டு தெரிஞ்சுகொண்டோ தின்னனீ?"

"ஓம்."

"விசர். முழுப் பைத்தியம்."

"நீங்களும்தானே தின்னனீங்கள்."

"நான் தெரியாமல் தின்னனான். நீ தெரிஞ்சு தின்னனீ. ஆர் விசர்?"

மச்சாள் சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டார். உறங்கிவிட்டார் என்று நினைத்தேன். பார்த்தால் தலையணை நனைந்திருந்தது.

"அப்ப ஐயாவுக்கும் பழுதானதையோ வைச்சனான்?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முதல் நாள் அவர் என்னைச் சொன்னதெல்லாம் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிள்ளைக்கு நான் பயந்த மாதிரியே அவர் தகப்பனுக்குப் பயந்து கிடந்தார். கடைசியாகக் கொடுத்த சோறு. திரும்பக் கொடுக்கவும் ஏலாது.

நான் நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"சங்கு ஊதேக்க கறி நல்லாத்தான் இருந்தது மச்சாள். அடுப்பால இறக்கி ஆவி கூட அடங்கேல்லை. மாமா சங்கு ஊதின பிறகு எண்டைக்காவது பிந்தினவரோ? அவர் அப்பவே சாப்பிட்டு எழும்பியிருப்பார். பழுதானது எங்கட மிச்சம்தான்."

மச்சாள் இந்தப் பக்கம் திரும்பினார். கண்ணைத் துடைக்கவில்லை.

"அப்பிடியோ சொல்லுறாய்?"

"சூட்டோட வைச்சது. பால் பிரிய நேரமில்லை. நான் சும்மா சொல்லுறேல்லை."

நான் சும்மா சொல்லவில்லைத்தான். மத்தியானம் அந்தக் கறி நல்லது. பின்னேரம் அது நஞ்சு. இரண்டும் உண்மை. மச்சாள் அதன் பிறகு நன்றாக உறங்கினார். நானும் உறங்கினேன்.

பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மெல்ல மெல்லத் தேறினான், தலைமயிரும் வந்தது. மச்சாள் அந்த இறால் பழுதென்று வெளியில் ஒருவருக்கும் ஒத்துக்கொண்டதில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவளின் கண்ணூறு என்றே சொல்லித் திரிந்தார். நானும் விட்டுவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஆர் வீட்டு எட்டென்றாலும் மச்சாள் முன்னால் போய் நிற்பார். "பொழுதுபட்டு, ஆம்பிளையள் வந்த பிறகு வையுங்கோ. பால்கறி வைக்காதேயுங்கோ. விளக்குக்குச் சிமினி போட்டிட்டு யன்னலைத் திறவுங்கோ" என்று, எல்லாம் தன் தகப்பன் சொல்லிவிட்டுப் போன முறை மாதிரிச் சட்டம் பேசுவார். நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு வெள்ளைக்காரர் போனார்கள். டொக்யாட்டில் ஆட்களைக் குறைத்தார்கள். இவர் கொஞ்சக் காலம் வேலையில்லாமல் இருந்தார். பாணுக்கு விடிய எழும்பி வரிசையில் நின்ற வருசங்களும் வந்து போயின. அப்போது கெட்டுப்போக வைக்க வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை, அது ஒரு நிம்மதி. இவரும் போய்ச் சேர்ந்தார். மச்சாள் வயதான காலத்தில் என்னோடேயே வந்து இருந்தார். மகன் பிரிஜ் வாங்கியதும் அதைக் கோயில் மாதிரிப் பார்த்தார். கொதிக்கிற சட்டியை அப்படியே உள்ளே வைப்பார். கரண்ட் நின்றாலும் கதவைத் திறந்து திறந்து பார்ப்பார்.

"இதுக்குள்ள வைச்சால் பழுதாகாது."

"மச்சாள், பெட்டி குளிரும். நேரத்தை நிப்பாட்டாது."

"நீ பெட்டியையும் மணந்து பார்."

மச்சாளும் போய் இப்போது சில வருசம். எட்டுக்கு இறால் வைத்தோம், பொரித்து. வைத்த கையோடு எடுத்துச் சாப்பிட்டோம்.

அந்தப் பிள்ளைக்கு, நான் இருக்கும் இந்த வீட்டு மகனுக்கு, இப்போது தலை நரைக்கிறது. துறைமுகத்தில் வேலை. அவனுக்குத் தெரிந்த கதை வேறு. "அண்டைக்கு அம்மாவும் மாமியும் என்ர வாய்க்கு வந்த இறாலைப் பறிச்சுத் தாங்கள் ரெண்டு பேரும் தின்னவை" என்று ஆர் வந்தாலும் சொல்லிச் சிரிக்கிறான். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஏன் பறித்தேன் என்று ஒருநாளும் அவனுக்குச் சொன்னதில்லை. வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. கை வலிக்கிறது, இவ்வளவு போதும்.

"பிள்ளை, இஞ்ச வா. இந்தக் கடதாசியளை எடு. என்ன எழுதினனான் எண்டு ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு. மெல்லமா இல்லை, உன்ர அப்பா முத்தத்திலதான் நிக்கிறார், அவருக்கும் கேக்கிற மாதிரி உரத்து வாசி."